நிற்கிற வரிசையில் பன்னிரண்டு பேர்

விருத்தாம்பாளுக்கு அந்த அருங்காட்சியகத்தில் கொடுக்கப்பட்ட வேலை, காலையில் பூட்டைத் திறப்பது, கூட்டித் துடைப்பது, மாலையில் மறுபடி பூட்டுவது. அங்கே வைத்திருக்கும் பொருட்களைப் பற்றிக் கருத்துச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சேர்ந்த நான்காம் நாளே அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

அது 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம். டிசம்பரில் ஊருக்குள் வந்த கடல் மரக்காணத்து உப்பளங்களுக்குள்ளும் புகுந்து போயிருந்தது. மழைக்காலம் முடிந்து தை மாதம் தொடங்க வேண்டிய உப்பு வேலை தொடங்கவே இல்லை. பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் முழங்கால் அளவுக்குச் சேறு கிடந்தது. அவள் கணவன் பாவாடை மற்ற ஆண்களோடு சேறு அள்ளப் போனான். உப்பு வாரும் பெண்களுக்கு வேலை இல்லை. அந்தச் சமயத்தில்தான் பிரம்மதேசத்துத் தட்சணாமூர்த்தி வாத்தியார், தான் புதிதாக வைத்த அருங்காட்சியகத்தைக் கூட்டிப் பெருக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் முப்பது வருஷம் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சாலையோரத்தில் சும்மா கிடந்த பழைய சங்கக் கட்டடத்தில் இரண்டு அறைகளைக் கேட்டு வாங்கி, ஊர் ஊராக அலைந்து பொருள் சேர்த்திருந்தார். உப்பளம் வெட்டும்போது கிடைத்த தாழி ஓடுகள், கூனிமேட்டு வியாபாரக் குடும்பம் ஒன்று கொடுத்த ஆள் உயரப் பித்தளைத் தராசு, துருப்பிடித்த நங்கூரம், புதுச்சேரிப் பக்கத்துப் பழைய நாணயங்கள். கூடவே சுவரில் சாய்த்து வைத்த ஒரு மரப்பலகை. அதன் கீழே இப்படி எழுதியிருந்தது: "நம் முன்னோர் பயன்படுத்திய பண்டைக்கால உப்பு வாரும் பலகை."

விருத்தாம்பாள் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் விடாமல் படிப்பாள்.

"சார், முன்னோருன்னா யாரு சார்?"

"நமக்கு முன்னாடி இருந்தவங்கம்மா. செத்துப் போனவங்க."

"அப்ப நான் இன்னும் சாவலயே சார். போன செப்டம்பர் வரைக்கும் இத மாதிரி பலகையத்தான் நான் இழுத்துக்கினு இருந்தேன். இன்னும் ரெண்டு மாசம் போனா மறுபடி இழுக்கப் போறேன்."

வாத்தியார் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய், பலகையையும் அவள் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று சாயங்காலமே பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, "உப்பு வாரும் பலகை. இன்றும் பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதி வைத்தார். அதற்குப் பிறகு எந்த அட்டையை எழுதினாலும் ஒரு தடவை அவளிடம் படித்துக் காட்டுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஜூன் மாதம் அந்தப் போட்டோ வந்தது.

கொண்டுவந்தவர் அறிவழகன். புதுச்சேரியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா சுப்ராயன் ஒரு காலத்தில் மரக்காணத்தில் பெரிய உப்பளம் நடத்தியவர். தேக்குச் சட்டம் போட்ட பெரிய கறுப்பு வெள்ளைப் படம் அது. உடைந்து அடைபட்ட கரை ஒன்றின் முன்னால் பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் நின்றார்கள். இடது பக்கமிருந்து எட்டு ஆண்கள், அவர்களை அடுத்து நான்கு பெண்கள். ஆண்களில் நான்காவது ஆள் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு, மடக்கிய குடையைக் கையில் ஊன்றியிருந்தார். அவர்தான் சுப்ராயன். படம் பழசானதாலோ என்னவோ, அவருடைய வேட்டி கறுத்துத் தெரிந்தது. அட்டையையும் அறிவழகனே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார்.

அவர் போனதும் விருத்தாம்பாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுத்துக் கூட்டினாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு புயலில் உடைந்த உப்பளக் கரையைத் தம் உழைப்பால் மீண்டும் எழுப்பிய திரு. சுப்ராயன். உடன், பெயர் தெரியாத தொழிலாளர்கள்."

'பெயர் தெரியாத' என்ற இடத்தில் துணி நின்றுவிட்டது.

அந்த இரண்டு வார்த்தைகளை அவள் அதற்கு முன் வேறொரு தாளில் படித்திருந்தாள். டிசம்பர் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய தங்கை பூங்குழலி மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. குப்பத்துக்காரியாக இருந்தால் யாராவது அடையாளம் சொல்லியிருப்பார்கள். மீன் வாங்கப் போன வெளியூர்க்காரியை யாருக்குத் தெரியும்? விருத்தாம்பாள் புதுச்சேரி ஆஸ்பத்திரிகளில் தேடிக்கொண்டிருந்த மூன்றாம் நாளே அவளைப் பொதுக்குழியில் புதைத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு சுவரில் ஒட்டியிருந்த படங்களுக்கு நடுவே தங்கையின் முகம் இருந்தது. கீழே, "பெயர் தெரியாத பெண். வயது சுமார் 30. எண் 14."

அவள் அழுததை ஊரில் யாரும் அதிகம் பார்க்கவில்லை. ஏழு வாரம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதைத்தான் பார்த்தார்கள். பதிவேட்டில் இனிமேல் மாற்ற முடியாதம்மா, தனியாக ஒரு சான்றிதழ் தருகிறோம் என்று சொன்ன எழுத்தரிடம், "சான்றிதழ் எனக்கு வேணாங்க. எந்த நோட்டுல பேரு தெரியாதுன்னு எழுதினீங்களோ அந்த நோட்டுலயே அடிச்சிட்டு எழுதுங்க" என்று சொல்லி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அடித்து எழுதினார்கள். பூங்குழலி, கணவர் பெயர், ஊர். அவள் கண்ணெதிரே எழுதினார்கள்.

துணியை உதறிப் போட்டுவிட்டு வாத்தியாரிடம் வந்தாள்.

"சார், இந்த அட்டைய மாட்டாதீங்க."

"ஏம்மா? எழுத்து ஏதாச்சும் தப்பா?"

"பதினோரு பேரு நிக்கிறாங்க. ஒருத்தருக்குக் கூடவா பேரு இல்ல?"

"பேரு இருந்திருக்கும்மா. நமக்குத் தெரியலன்னுதான் அர்த்தம். நாப்பது வருசம் ஆவப் போவுது. எங்க போய்த் தேடறது?"

"தேடிப் பாத்துட்டுத் தெரியலன்னு எழுதுனா சரி சார். தேடாமயே எப்படி எழுதறது? நான் தேடறேன். எனக்கு வாரத்துக்கு ஒரு நாள் லீவு குடுங்க, போதும்."

வாத்தியார் மறுப்புச் சொல்லவில்லை. அட்டையை மட்டும் எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டாள். கடைக்காரர் நல்ல எண்ணத்தில் பேனாவை எடுத்து, "ஒவ்வொரு தலைக்கு மேலயும் நம்பர் போட்டுத் தர்றேங்க்கா. கேக்கறதுக்கு ஈஸியா இருக்கும்" என்றார்.

"நம்பர் வேணாம்பா."

"அப்ப எப்படி அடையாளம் சொல்லுவீங்க?"

"தலப்பா கட்டினவரு, கடுக்கன் போட்டவரு, இடுப்புல கை வச்சிக்கினு நிக்கிறவங்க. கண்ணு இருக்குதில்ல, அது போதும்."

முதல் முகம் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தது. கண்ணாயிரத்துக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. முட்டி வலியால் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. ஜெராக்ஸைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தார்.

"டேய், இது நானுடா!" என்றார். எதிரே நின்றது விருத்தாம்பாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இடது பக்கமிருந்து இரண்டாவது ஆள், பரட்டைத் தலையோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது அவர்தான்.

அதற்குப் பிறகு அவர் வாய் ஓயவில்லை. கடுக்கன் போட்டது கன்னியப்பன், செத்துப் பத்து வருஷம் ஆகிறது. அவன் பக்கத்தில் நிற்பது அவன் மச்சான். இப்படி ஆண்களில் ஆறு பேரையும் பெண்களில் இரண்டு பேரையும் சொல்லிவிட்டார். தலைப்பா கட்டியவரின் முழுப்பெயர் அவருக்குத் தெரியவில்லை. "தாசுன்னு கூப்புடுவோம். வேதக்காரரு. பெரிய முதலியார்சாவடிப் பக்கத்துலேந்து வருவாரு."

"அந்தக் கரைய எப்படி மாமா கட்டினீங்க?"

"அத ஏம்மா கேக்கற? பதினெட்டு அடி அகலத்துக்கு அறுத்துக்கினு போயிடுச்சி. பனமட்டையத் தட்டியா கட்டி, தண்ணிக்குள்ள வரிசையா நின்னு நாங்க புடிச்சிக்குவோம். பொம்பளைங்க சேத்தக் கொண்டாந்து கொட்டுவாங்க. மூணு நாளு. முதலாளியும் எங்களோட எறங்கி நின்னாரும்மா. நீச்சல் தெரியாது அவருக்கு. கழுத்து வரைக்கும் தண்ணி. வெடவெடன்னு நடுங்கிக்கினே நின்னாரு."

விருத்தாம்பாள் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அந்தக் கடைசிப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. குடையோடு நிற்கிற அந்த வெள்ளைச் சட்டை மேல் அவளுக்கு வந்த கோபம் ஒரு மாதமாக அவளை நடக்க வைத்துக்கொண்டிருந்தது. எட்டுப் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். முதலாளி தண்ணீரில் இறங்கியதை வாத்தியாரிடம் அவள் சொல்லவில்லை.

அடுத்து பிரம்மதேசம். கண்ணாயிரம் சொன்ன வேலம்மாள் அங்கேதான் வாக்கப்பட்டிருந்தாள். வரிசையில் கடைசியில், எல்லாரையும் விடக் குள்ளமாக நின்ற பெண். இப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாடி வைத்த வீடு, வாசலில் மோட்டார் சைக்கிள். மகன் திண்டிவனத்தில் ஆபீஸ் வேலையில் இருந்தான். வேலம்மாள் படத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நான் இல்லம்மா" என்றாள்.

"கண்ணாயிரம் மாமா சொன்னாருக்கா. நீங்கதான்னு அடிச்சி சொன்னாரு."

"அவருக்கு வயசாயிடுச்சி. கண்ணு தெரியல போல. நான் உப்பு வேலைக்கே போனது கெடையாது."

சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்திருந்தது. வீட்டுக்குள்ளே மருமகள் நடமாடும் சத்தம் கேட்டது. விருத்தாம்பாளுக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரிக்கா. இந்த ஊருதான் எங்க வாத்தியாருக்கும். எப்ப வேணும்னாலும் அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க. நீங்க சொல்லாம நான் எழுத மாட்டேன்."

பெரிய முதலியார்சாவடியில் தாசு என்ற பெயரை வைத்துத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவது போலத்தான் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தாள். சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தவர்களிடமெல்லாம் ஜெராக்ஸைக் காட்டினாள். மூன்றாவது வாரம் ஒரு பெண் அதைக் கையில் வாங்கியதும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெயர் சகாயசெல்வி. தலைப்பாவின் முனையை இடது காதுக்கு மேலே செருகியிருந்த விதத்தில்தான் அடையாளம் கண்டாள்.

"எங்கப்பாங்க. மரியதாஸ். நான் ஏழாவது படிக்கும்போது செத்துட்டாருங்க." அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "எங்கப்பாவுக்கு ஒரு போட்டோ கூடக் கெடையாதுங்க. எம்புள்ளைங்க தாத்தா எப்படி இருப்பாருன்னு கேட்டா, வாயிலதான் சொல்லுவேன்."

விருத்தாம்பாள் அந்த ஜெராக்ஸை அவளிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினாள். மறுநாள் கடைக்காரரிடம் பத்துக் காப்பி எடுக்கச் சொன்னாள்.

ஆகஸ்ட் முடிவதற்குள் வேலம்மாளிடமிருந்து ஆள் வந்தது. போன இடத்தில் மகனும் இருந்தான். "ஏங்க, இது எங்கம்மா தானுங்க. ஒரு மாசமா படுத்தா எழுந்திருச்சா இதே பேச்சு. எனக்கு என்னங்க வெக்கம்? உப்பு வாரித்தான் என்னப் படிக்க வச்சாங்க" என்றான். வேலம்மாள் அவனை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு விருத்தாம்பாளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"பேரு எழுதறதுன்னா சரியா எழுதணும். அப்ப எனக்குக் கல்யாணம் ஆவல. பதினேழு வயசு. எங்கப்பா கோவிந்தன் பேருதான் முன்னால வரணும். புருசன் பேரு வேணாம்."

"அப்படியே எழுதறேன்க்கா."

"நடுவுல நிக்கிறாளே, மூக்குத்தி போட்டவ, அவ அமுதவல்லி. நல்லா பாடுவா. அனுமந்தைப் பக்கம் வாக்கப்பட்டுப் போயி, பிரசவத்துல செத்துட்டா."

"இவங்க?" விருத்தாம்பாள் விரலை நகர்த்தினாள். பெண்களில் மூன்றாவது ஆள். படம் எடுக்கிற நேரத்தில் எதையோ பார்க்கத் திரும்பியிருந்தாள். பாதி முகம்தான் தெரிந்தது, அதுவும் கலங்கலாக.

வேலம்மாள் வெகுநேரம் யோசித்தாள். "அவ அந்த மூணு நாளைக்கு மட்டும் வந்தவம்மா. புயலுக்கு வீடு போயிடுச்சி, வேல இருந்தா குடுங்கன்னு எங்கிருந்தோ வந்து நின்னா. என் பக்கத்துலதான் சேறு சொமந்தா. பேரக் கேட்டிருப்பேன். கண்டிப்பா கேட்டிருப்பேன். ஞாபகத்துக்கு வரமாட்டேங்குதே."

அந்த ஒரு முகத்துக்காக விருத்தாம்பாள் செப்டம்பர் முழுக்க அலைந்தாள். கிடைக்கவில்லை.

அக்டோபரில் வாத்தியார் புது அட்டை எழுதினார். "1967 புயலில் உடைந்த உப்பளக் கரையைக் கட்டிய தொழிலாளர்கள்" என்று தலைப்பு. கீழே பத்துப் பெயர். கடைசி வரியில், "வெள்ளைச் சட்டையில் நிற்பவர் உப்பள உரிமையாளர் சுப்ராயன்."

ஒரு வாரம் கழித்து அறிவழகன் தற்செயலாக வந்தார். அட்டையைப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன சார் இது? எங்கப்பா வேடிக்கை பாக்க நின்ன மாதிரி எழுதியிருக்கீங்க?"

"தொழிலாளர் பேரெல்லாம் கெடச்சிடுச்சி சார், அதனால..." என்று வாத்தியார் இழுத்தார்.

"பேரு போடுங்க, நான் வேணாம்னு சொல்லல. அதுக்காக எங்கப்பா ஒண்ணுமே செய்யலயா? சாகற வரைக்கும் அந்தக் கரையப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாரு. அவரு சும்மா நின்னாரா?"

விருத்தாம்பாள் தராசுக்குப் பக்கத்தில் துணியோடு நின்றிருந்தாள். சும்மா நிற்கவில்லை என்று அந்த அறையிலேயே தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வாய் திறக்கவில்லை. அறிவழகன் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, காரில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பாவாடையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கால் சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"கண்ணாயிரம் சொன்னத நீ வாத்தியாருகிட்ட சொல்லவே இல்லியா?"

"இல்ல."

"தெரிஞ்சே மறைச்சியா விருத்தா?"

பதினோரு பேரை விட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவள், தானே ஒரு ஆளை விட்டுவிட்டாள். அதுவும் தெரியாமல் இல்லை. மறுநாள் காலை வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "படம் போனது போனதுதாம்மா. ஜெராக்ஸை மாட்டிக்குவோம்" என்றார்.

"மாட்டலாம் சார். ஆனா அவரு அப்பா என்ன செஞ்சாருன்னு அவருக்குத் தெரியணுமில்ல. படம் குடுக்கறாரோ இல்லியோ, நான் போய் சொல்லிட்டு வந்துடறேன்."

புதுச்சேரிக் கடையில் அறிவழகன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்பிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துக்கொண்டே, "படத்துக்காக வந்திருந்தா போய்ட்டு வாம்மா" என்றார்.

"படத்துக்காக வரலீங்க. ஒரு தப்பு செஞ்சிட்டேன், அத சொல்ல வந்தேன். உங்கப்பா அன்னிக்குக் கரையில நிக்கல. தண்ணியில நின்னாரு. மூணு நாளு, கழுத்து வரைக்கும். கூட நின்னவரு ஜூலை மாசமே எங்கிட்ட சொன்னாரு. நான்தான் எழுதாம விட்டுட்டேன்."

அறிவழகன் இப்போதுதான் அவளைப் பார்த்தார். "எங்கப்பாவுக்குத் தண்ணின்னா பயம். கெணத்துக்கிட்ட கூடப் போக மாட்டாரு. யாரு சொன்னது?"

"கண்ணாயிரம். உசுரோடதான் இருக்காரு. நீங்களே வந்து கேளுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணாயிரத்தின் வீட்டுக்கு வந்தார். வாத்தியாரும் கூட இருந்தார். சட்டம் போட்ட படத்தையும் காரில் கொண்டுவந்திருந்தார். கண்ணாயிரம் கட்டிலில் உட்கார்ந்தபடி அதை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் கதையையும் முதலிலிருந்து சொன்னார். தண்ணீர் இழுத்த இழுப்பில் முதலாளி இரண்டு தடவை கால் வழுக்கியதையும், மரியதாஸ் அவர் அரைஞாணைப் பிடித்து நிறுத்தியதையும் சொன்னார்.

"அப்ப இந்தச் சட்ட? குட?" என்றார் அறிவழகன்.

"படம் புடிக்கிறவரு வர்றாருன்னு உங்கம்மாதான் வீட்டுலேந்து குடுத்து அனுப்பினாங்க. சட்ட மட்டும்தான் மாத்தினாரு. கீழ பாருங்க, வேட்டி பூரா சேறு. மாத்தறதுக்குப் பொழுதே இல்ல. தண்ணிக்குள்ள எந்த வரிசையில நின்னமோ, மேல ஏறி அதே வரிசையில நின்னோம். எனக்கு ரெண்டு ஆளு தள்ளி அவரு."

அறிவழகன் கண்ணாடிமேல் விரலை வைத்து அந்தக் கறுத்த இடத்தைத் தடவினார். "படம் கெட்டுப் போச்சின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். விருத்தாம்பாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கிளம்பும்போது படத்தை அவள் கையில் கொடுத்தார். "எழுதுங்க. அப்பா பேரை மட்டும் மொதல்ல போட்டுடுங்க."

"மொதல்ல போட முடியாதுங்க."

வாத்தியார் அவளைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார். அவள் விடவில்லை.

"அவரு நாலாவதா நின்னாரு. பயந்த மனுசன், நாலு பேரோட நாலு பேரா நின்னாரே, அதுதானுங்க பெருசு. மொதல்ல போட்டா அது தெரியாது."

அறிவழகன் காரின் கதவைத் திறந்தார். "சரி. நிக்கிற வரிசையிலேயே எழுதுங்க" என்றார்.

2006 பிப்ரவரியில் படத்தை மறுபடி மாட்டினார்கள். வாத்தியார் யாரையும் பெரிதாக அழைக்கவில்லை. ஆனால் பத்துக் குடும்பங்களும் சொல்லிவைத்தது போல் வந்து இறங்கின. கன்னியப்பனின் பேரப்பிள்ளைகள் வேனில் வந்தார்கள். சகாயசெல்வி பிள்ளைகளை முன்னால் நிறுத்தியிருந்தாள். வேலம்மாள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். பதினோராவது பெயரைப் பற்றி வாத்தியாருக்கும் விருத்தாம்பாளுக்கும் முதல் நாள் வரை வாக்குவாதம் நடந்தது. "தெரியவில்லை" என்று போடுவதுதான் முறை என்றார் அவர். "தேடறோம்னு போடுங்க சார், அதுதான் உண்ம" என்றாள் அவள்.

அட்டையை யார் படிப்பது என்று வந்தபோது வாத்தியார் அவளைத்தான் கூப்பிட்டார். அத்தனை பேருக்கு முன்னால் எழுத்துக் கூட்டிப் படிப்பது அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பெயரையும் முழுசாக, அவசரப்படாமல் படித்தாள். கண்ணாயிரம் என்றதும், "இதோ இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சுப்ராயன் என்றபோது அறிவழகன் தலையைக் குனிந்துகொண்டார். மரியதாஸ் என்றபோது ஒரு குழந்தை, "எங்க தாத்தா" என்றது. கோவிந்தன் மகள் வேலம்மாள் கடைசிப் பெயர். அதற்கு முந்திய இடத்தில் விருத்தாம்பாள் படித்தாள்: "பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்." வேலம்மாள் உதட்டை அசைத்து எதையோ ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசி பிறந்ததும் பாத்திகளில் வேலை தொடங்கிவிட்டது. விருத்தாம்பாள் இரண்டு வேலையையும் விடவில்லை. விடிவதற்கு முன் போய்ப் பத்து மணி வரை உப்பு வாருவாள். குளித்துவிட்டு வந்து பதினொரு மணிக்கு அருங்காட்சியகத்தைத் திறப்பாள். அவளுக்காக வாத்தியார் திறக்கும் நேரத்தையே மாற்றிப் பலகை எழுதி வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் உப்பு வாரும் பலகையை எப்படி இழுப்பது என்று அவளே இழுத்துக் காட்டுவாள். பழைய படங்களை எடுத்துக்கொண்டு அவளைத் தேடி வருகிறவர்களும் உண்டு. முதல் கேள்வியாக, "இதுல யார் யாரு?" என்று கேட்பாள். தெரியாது என்றால், கேட்டுக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பஸ் ஏறிவிடுவாள். சித்திரை மாதம் ஒருநாள் கூனிமேட்டுக் கடைத்தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தவள், நிழலில் உட்கார்ந்து கருவாடு விற்ற ஒரு வயதான பெண்ணின் எதிரே குந்தினாள். கருவாட்டை எடுத்துப் பார்த்தாள், வாங்கவும் செய்தாள். பிறகு கேட்டாள்.

"அறுபத்தேழாம் வருசம் புயல் அடிச்சப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"இன்னாத்துக்கும்மா கேக்கற?"

விருத்தாம்பாள் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து மடிப்பைப் பிரித்தாள்.